சாயம் ஒரு பக்கம், சீனி ஒரு பக்கம்

பதறிப்போன ஆளுக்கு இனிப்புத் தேத்தண்ணி கொடுப்பது கண்டியின் வழக்கம். அந்தக் கிளாஸ் பதற்ற ஹோர்மோனை இறக்குகிறதா, ஏற்றுகிறதா?

1022-இலிருந்து 13-ஐக் கழியுங்கள். 1009. இன்னுமொரு 13. 996. அடுத்தது 983. வாய்விட்டுச் சொல்லவேண்டும், வேகமாகச் சொல்லவேண்டும், நின்றபடி சொல்லவேண்டும். எதிரே வெள்ளைக் கோட் போட்டவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சிரிப்பதில்லை, தலையாட்டுவதில்லை, பேனா மட்டும் ஓடுகிறது. ஒரு பக்கத்தில் கமரா. எங்காவது தடுக்கினால் அவர்களில் ஒருவர் நிமிர்ந்து சொல்வார்: "பிழை. மறுபடி 1022-இலிருந்து."

ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் கிளெமென்ஸ் கிர்ஷ்பாம், கார்ல் மார்ட்டின் பிர்க்கே, டிர்க் ஹெல்ஹாமர் மூவரும் 1993-இல் வெளியிட்ட பரிசோதனை இது. ஆயத்தப்படக் கொஞ்ச நேரம், வேலைக்கு விண்ணப்பித்தவரைப் போலத் தன்னைப் பற்றி 5 நிமிடப் பேச்சு, பிறகு 5 நிமிடம் இந்தக் கழித்தல். அவ்வளவுதான். ஊசி இல்லை, மின்சாரம் இல்லை. நாலு பேர் முன்னால் அவமானப்பட்டுவிடுவோமோ என்ற பயம் மட்டும். அந்தப் பயம் போதும், கோர்டிசோல் என்ற பதற்ற ஹோர்மோன் இரத்தத்தில் ஏறிவிடும். முப்பது வருடங்களாக உலகின் ஆய்வுகூடங்கள் இதையே நம்பியிருக்கின்றன.

பரிசோதனைக்கு முன்னும் பின்னும் சிறு பஞ்சுத் துண்டு ஒன்றை வாயில் ஒதுக்கி ஊறவைத்துத் தரவேண்டும். அந்த எச்சிலில்தான் கோர்டிசோலை அளக்கிறார்கள். பேச்சும் கணக்கும் முடிந்து பத்து, இருபது நிமிடங்களில் அளவு உச்சத்துக்குப் போகும். இரண்டு மூன்று மடங்காவது சாதாரணம். ஆள் வெளியே வந்து மூச்சு விட்ட பிறகும் ஹோர்மோன் ஏறிக்கொண்டிருக்கும் என்பது இதில் ஒரு வேடிக்கை.

அந்த அறைக்குள் நுழையுமுன் ஓர் ஆரோக்கியமான ஆணுக்கு இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுத்தால் இந்த ஏற்றம் கூடுமா, குறையுமா?

கண்டியில் யாரைக் கேட்டாலும் குறையும் என்றுதான் சொல்வார்கள். வீதி விபத்தில் தப்பியவருக்கும், மரண வீட்டில் மயங்கி விழுந்தவருக்கும், நேர்முகப் பரீட்சைக்கு விடியற்காலை பஸ் ஏறும் மகனுக்கும் இங்கே ஒரே மருந்து: சீனி தூக்கலாகப் போட்ட தேத்தண்ணி. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்து மலைகளைச் சரித்துவிட்டுப் போனது. அப்படி ஓர் அனர்த்தத்தில் பாடசாலையிலோ கோவிலிலோ விகாரையிலோ ஒதுங்கும் சனத்துக்குச் சோறு வருமுன்னே தேத்தண்ணி வந்துவிடும். "சீனி போட்டுக் குடுங்க, பதட்டம் அடங்கும்" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை.

ஆய்வுகூடம் சொல்வது நேரெதிர்.

வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ்

ட்ரியர் பரிசோதனையை உருவாக்கிய அதே கிர்ஷ்பாம் 1997-இல் சகாக்களோடு ஒரு ஆய்வை வெளியிட்டார். பல மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடாமல் வந்த ஆண்களில் ஒரு பகுதியினருக்குக் குளுக்கோஸ் கரைசல்; மற்றவர்களுக்கு இனிப்பில்லாத பானம். பிறகு எல்லோரும் அதே அறை, அதே கழித்தல். பட்டினியோடு போனவர்களின் கோர்டிசோல் பெரிதாக அசையவில்லை. குளுக்கோஸ் குடித்தவர்களுக்குத்தான் எகிறியது.

வயிற்றில் ஏதோ இருந்தால் போதுமா, சீனிதான் இருக்கவேண்டுமா? 2002-இல் எஸ்பெரான்சா கொன்சாலெஸ்-போனோவும் சகாக்களும் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். 37 ஆரோக்கியமான ஆண்கள், குறைந்தது 8 மணித்தியாலப் பட்டினி, நான்கு குழுக்கள். ஒரு குழுவுக்குக் குளுக்கோஸ், ஒன்றுக்குப் புரதம், ஒன்றுக்குக் கொழுப்பு, ஒன்றுக்கு வெறும் தண்ணீர். கோர்டிசோல் ஏற்றத்தைத் தூக்கிக் கொடுத்தது குளுக்கோஸ் மட்டும். புரதமும் கொழுப்பும் தண்ணீரைத் தாண்டி ஒன்றும் செய்யவில்லை. சக்தி கிடைத்தது என்பதாலல்ல, சீனி கிடைத்தது என்பதால் உடம்பு அப்படி நடந்துகொண்டது.

2020-இல் ஜெர்மனியின் ரெகன்ஸ்பர்க் ஆய்வாளர்கள் இதையே ஆரோக்கியமான ஆண்களை வைத்து மறுபடி சோதித்தார்கள். அங்கே குளுக்கோஸோடு சாதாரண திராட்சைச் சாறும் இருந்தது. அதுவும் கோர்டிசோலை ஏற்றிவிட்டது. இப்போது பல ஆய்வுகூடங்களில் பரிசோதனைக்கு வருபவருக்கு 200 மில்லிலீற்றர் திராட்சைச் சாறு கொடுத்து உட்காரவைப்பதே வழக்கமாகிவிட்டது. விருந்தோம்பலுக்காக அல்ல. கோர்டிசோல் ஒழுங்காக ஏறவேண்டும் என்பதற்காக.

ஏன் எல்லாவற்றிலும் ஆண்கள்? காரணம் எளிது, கொஞ்சம் சோம்பேறித்தனமானதும்கூட. பெண்களின் கோர்டிசோல் ஏற்றம் மாதவிடாய்ச் சுழற்சியோடு மாறும். கருத்தடை மாத்திரை எடுத்தால் இன்னும் மாறும். அந்தச் சிக்கல்களை ஒதுக்கிவைக்க ஆய்வாளர்கள் ஆரோக்கியமான, இளவயது ஆண்களைப் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே இந்தக் கட்டுரை சொல்வதில் பெரும்பகுதி ஆண் உடம்பைப் பற்றியது.

கபச்சுரப்பியின் கணக்கு

கோர்டிசோல் கெட்ட பொருள் அல்ல. இது இல்லாமல் யாரும் காலையில் பாயை விட்டு எழும்பமுடியாது. விழித்து அரை மணித்தியாலத்தில் இதன் அளவு நாளின் உச்சத்துக்கு அருகே போகிறது, நள்ளிரவை ஒட்டித் தாழ்கிறது. மூளையின் ஹைப்போதலமஸ் பகுதி கபச்சுரப்பிக்குச் சொல்ல, கபச்சுரப்பி இரத்தத்தின் வழியே சிறுநீரகத்தின் மேல் தொப்பி போலிருக்கும் அதிரனல் சுரப்பிக்குச் சொல்ல, அங்கிருந்து கோர்டிசோல் கிளம்புகிறது. இந்த வகைச் சுரப்புகளை ஆராய்ந்ததற்காக எட்வர்ட் கெண்டல், டாடியஸ் ரைக்ஸ்டைன், பிலிப் ஹெஞ்ச் மூவரும் 1950-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

கோர்டிசோலின் முக்கிய வேலைகளில் ஒன்று இரத்தத்தில் சீனியைக் கூட்டுவது. ஈரலைப் பிடித்துப் புதிதாகக் குளுக்கோஸ் செய்யவைக்கும். ஓடவோ சண்டை போடவோ தசைக்கும் மூளைக்கும் எரிபொருள் வேண்டுமல்லவா? அப்படியானால் ஏற்கெனவே சீனி குடித்தவருக்குக் கோர்டிசோல் குறைவாகத்தானே சுரக்கவேண்டும்? ஆய்வாளர்களையும் குழப்பிய இடம் இதுதான்.

அவர்கள் முன்வைக்கும் ஒரு விளக்கம்: ஹைப்போதலமஸில் சக்தி இருப்பை மோப்பம் பிடிக்கும் கலங்கள் உண்டு. இருப்புக் குறைவு என்று தெரிந்தால் மூளை செலவைச் சுருக்கிக்கொள்ளும். கையில் காசில்லாத வீடு கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதுபோல, பட்டினி உடம்பும் பெரிய ஹோர்மோன் ஆர்ப்பாட்டத்தைத் தள்ளிப்போடுகிறது. சீனி வந்ததும் கை தாராளமாகிவிடுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சாப்பிடாமல் ஒரு இரவைக் கழித்த ஆரோக்கியமான ஆணுக்கு இரத்தச் சீனி அபாய அளவுக்கு விழாது. ஈரல் தன் சேமிப்பைத் திறந்துவிடும். நிஜமாகவே விழுந்தால் கதை வேறு. அப்போது கோர்டிசோல் பாய்ந்து ஏறும். அதிரனல் வேலை செய்கிறதா என்று பார்க்க வைத்தியர்கள் இன்சுலின் ஏற்றி வேண்டுமென்றே சீனியை விழவைக்கும் பரிசோதனைகூட இருக்கிறது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர் வியர்த்து நடுங்கினால் உடனே சீனி கொடுக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் இந்தக் கட்டுரையை நினைத்துக்கொண்டு நிற்கவேண்டாம்.

அதே கிளாஸில் எதிர்க்கட்சி

கண்டியில் சீனி தனியே வருவதில்லை. சாயத்தோடு வருகிறது. சாயத்துக்கும் கோர்டிசோலோடு ஒரு கணக்கு இருக்கிறது.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் அண்ட்ரூ ஸ்டெப்டோவும் சகாக்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 75 ஆரோக்கியமான ஆண்கள். எல்லோரும் தேநீர்ப் பழக்கமுள்ளவர்கள். முதலில் அவர்களுடைய வழக்கமான தேநீரை நிறுத்தினார்கள். பிறகு 6 வாரம் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு நான்கு கோப்பை கறுப்புத் தேயிலை. மற்றவர்களுக்கு அதே நிறம், அதே சுவை, அதே அளவு கஃபீன், ஆனால் தேயிலை இல்லாத பானம். யார் எதைக் குடிக்கிறார்கள் என்பது இரு தரப்புக்கும் தெரியாது. கடைசியில் மனதை இறுக்கும் வேலைகளைக் கொடுத்தார்கள்.

பதற்றம் வந்தபோது இரண்டு குழுவும் ஒரே மாதிரித்தான் பதறின. வித்தியாசம் பிறகு தெரிந்தது. 50 நிமிடங்கள் கழித்து அளந்தபோது தேயிலை குடித்தவர்களின் கோர்டிசோல் சராசரியாக 47 சதவீதம் இறங்கியிருந்தது. மற்றவர்களுக்கு 27 சதவீதம். ஏற்றத்தைத் தேயிலை தடுக்கவில்லை, இறக்கத்தை வேகப்படுத்தியது.

இனி ஒரு கிளாஸ் பிளேன்டீயைப் பாருங்கள். சீனி ஏற்றத்தைக் கூட்டும் பக்கம் நிற்கிறது. சாயம் இறக்கத்தை விரைவாக்கும் பக்கம் நிற்கிறது. இடையில் கஃபீன், அதுவும் கோர்டிசோலைக் கொஞ்சம் ஏற்றிவிடக்கூடியது, நாளாந்தம் குடித்துப் பழகியவரிடம் அந்த விளைவு தேய்ந்துபோகிறது. தேத்தண்ணி குடித்ததும் மனம் ஆறுகிறது என்று கண்டி சொல்வது பொய்யல்ல. புகழ்தான் தப்பான ஆளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆற்றுவது இலை; பாராட்டை வாங்குவது சீனி.

இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்ததற்குக் கண்டிச் சீமையில் நீண்ட வரலாறு உண்டு. கலஹா, தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867-இல். இரண்டு வருடத்தில் கோப்பியை இலைத்துரு நோய் பிடித்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. 1892-இல் லூல்கந்துரவிலேயே செத்துப்போன டெய்லர் கண்டி மஹியாவ மயானத்தில் கிடக்கிறார். அதே மஹியாவவில்தான் நகரைக் கூட்டித் துடைக்கும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. ஹந்தானையில் 1925-இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் நூதனசாலையாக நிற்கிறது. பழைய உருளைகளையும் டெய்லரின் பொருட்களையும் பார்க்கலாம். தேயிலைக்கு இவ்வளவு மரியாதை. கூடவே மலையேறிய சீனிக்கு எங்கேயும் ஒரு கண்ணாடிப் பெட்டி இல்லை.

நல்ல தேயிலை கப்பலேறியது. லயத்துக்கு வந்தது தூள். கசக்கும் கடும் சாயத்தைக் குடிக்கவைத்தது சீனி. 1970-களில் சீனி கூப்பன் கடையில் அளந்து கொடுத்த பொருளாக இருந்தபோது ஒரு துண்டு கருப்பட்டியையோ ஒரு சிட்டிகைச் சீனியையோ உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு சாயத்தண்ணியைக் குடித்தார்கள். மலையகத்தில் வயதானவர்கள் சிலர் இன்னும் அப்படித்தான் குடிக்கிறார்கள். இனிப்பு நாக்கில், கசப்பு கிளாஸில். சிக்கனத்துக்காக வந்த பழக்கம் உடம்புக்கும் நல்லதாகவே இருந்திருக்கிறது: உள்ளங்கைச் சீனி ஒரு தேக்கரண்டியைத் தாண்டாது.

எத்தனை கரண்டி?

ஆய்வுகூடத்தில் கொடுக்கும் குளுக்கோஸ் சாதாரண அளவல்ல. 75 கிராம் என்பது நீரிழிவு இருக்கிறதா என்று பார்க்க வைத்தியசாலையில் குடிக்கக் கொடுக்கும் அதே அளவு; குடித்தவர்களுக்குத் தெரியும், தொண்டையில் இறங்காது. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் ஒரு கடையில் கிடைக்கும் பிளேன்டீயில் குவித்த கரண்டி மூன்று என்று வைத்தாலும் 15 முதல் 18 கிராம் வரை வரும். அதிலும் சீனியில் பாதிதான் குளுக்கோஸ், மீதி ஃபிரக்டோஸ். ஆகவே ஒரு கிளாஸ் தேத்தண்ணி ஆய்வுகூட விளைவை அப்படியே தரும் என்று சொல்வது மிகை.

ஆனால் திராட்சைச் சாறு கணக்கைக் கிட்டக் கொண்டுவருகிறது. 200 மில்லிலீற்றரில் முப்பது கிராமை ஒட்டிய சீனி இருக்கும். இரண்டு கிளாஸ் தேத்தண்ணி. அல்லது ஒரு கிளாஸும் சீனி தூவிய ஒரு கிம்புலா பணிசும். காலையில் சாப்பிடாமல் கடுகண்ணாவை இறக்கத்தில் பஸ்ஸை இறக்கப்போகும் சாரதியின் காலை உணவு பல நாளில் இதுதான். முச்சக்கரவண்டிக்காரருக்கும் இதேதான். இவர்களுடைய வேலையில் ட்ரியர் பரிசோதனை நாளுக்குப் பல தடவை நடக்கிறது: பின்னால் ஹோர்ன் அடிப்பவர், எதிரே பொலிஸ்காரர், பக்கத்தில் பாக்கிக் காசுக்குச் சத்தம் போடும் பயணி.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு, உணவில் சேர்க்கும் சீனி மொத்த சக்தியில் பத்திலொரு பங்குக்குள் இருக்கவேண்டும் என்பது. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம். மூன்று கரண்டிக் கணக்கில் மூன்று கிளாஸ் குடித்தால் அன்றைய பங்கு தீர்ந்தது. நாளுக்கு ஐந்து, ஆறு கிளாஸ் குடிக்கும் ஆண்கள் கண்டியில் அபூர்வமல்ல.

கவ்வாத்துக் கத்தியும் வாய்மொழிப் பரீட்சையும்

இதுவரை சொன்னது மனப் பதற்றம். உடல் உழைப்பு வேறு மாதிரி.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் நீமன் 1990-களிலிருந்து நெடுந்தூர ஓட்டக்காரர்களை ஆராய்ந்தார். இரண்டு மூன்று மணித்தியாலம் ஓடும்போது சீனிக் கரைசலைக் குடித்துக்கொண்டே ஓடியவர்களின் கோர்டிசோல், வெறும் சுவைத் தண்ணீர் குடித்தவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தது. காரணம் வெளிப்படை. நீண்ட உழைப்பில் எரிபொருள் தீர்ந்துவருவதுதான் பதற்றமே. அதை நிரப்பினால் கோர்டிசோலுக்கு வேலை குறைகிறது.

கவ்வாத்து வெட்டும் ஆணை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டிப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பெண்கள் கையில், கவ்வாத்து ஆண்கள் கையில். சரிவில் ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழும் ஊன்றி, இடுப்பை வளைத்து, விரல் மொத்தக் கிளையை ஒரே இழுப்பில் சாய்வாக வெட்டவேண்டும். வெட்டு பிளந்தால் கிளை செத்துவிடும். கத்தி மழுங்கினால் உட்கார்ந்து தீட்டவேண்டும். காலைப் பெரட்டுக்குப் போய்விட்டு வந்து மத்தியானம்வரை இந்த வேலை. பத்து மணிக்கு வரும் இனிப்புத் தேத்தண்ணி அவருக்கு நீமனின் ஓட்டக்காரருக்குப் போலவே உதவும். அந்தச் சீனியைப் பறிக்க எந்த விஞ்ஞானமும் சொல்லவில்லை.

அவருடைய மகன் பேராதனையில் படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 1962 முதல் அங்கே மருத்துவ பீடம் இருக்கிறது. வாய்மொழிப் பரீட்சை அன்று பயத்தில் சாப்பாடு இறங்காது. அம்மா சொன்னபடி வெறும் வயிற்றில் இனிப்புத் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டுக் கதவுக்கு வெளியே நிற்கிறான். அப்பாவுக்கு உதவிய அதே சீனி இவனுக்குக் கோர்டிசோலை முழு உயரத்துக்கு ஏற்ற வழிவிடுகிறது. அது கெடுதியா? அவசியமில்லை. மிதமான கோர்டிசோல் ஆளை விழிப்பாக வைக்கும். ஆனால் அளவு மீறினால் மனதில் இருந்ததை மீட்டெடுப்பது தடைப்படுகிறது என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். படித்தது எல்லாம் அறைக்கு வெளியே வந்ததும் ஞாபகம் வரும் அனுபவத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

கண்டியின் றக்பி மைதானங்களில் இரண்டும் ஒன்றாகச் சந்திக்கின்றன. திரித்துவக் கல்லூரிக்கும் கொழும்பு ரோயல் கல்லூரிக்கும் இடையே 1945 முதல் நடக்கும் பிராட்பி கேடய ஆட்டம் என்றால் நகரம் கொடி பிடிக்கும். பாடசாலை விளையாட்டில் ஆட்டத்துக்கு முன்னே குளுக்கோஸ் தூளை உள்ளங்கையில் கொட்டி வாயில் போடுவது பழைய வழக்கம். ஆட்டம் தொடங்குமுன் இருப்பது பார்வையாளர் பயம். அங்கே அந்தத் தூள் கோர்டிசோலுக்கு எண்ணெய். பிற்பாதியில் கால் தளரும்போது அதே தூள் கோர்டிசோலுக்குத் தண்ணீர். பயிற்றுநர்கள் வழக்கமாக இரண்டு நேரத்திலும் ஒரே பக்கெட்டைத்தான் நீட்டுகிறார்கள்.

நோன்பு மாதத்தில் அக்குறணைப் பக்கம் போனால் இன்னொரு கோணம் தெரியும். நாள் முழுக்கப் பட்டினி, பிறகு பேரீச்சம்பழம், கஞ்சி, சிவப்பாகச் சீனிப்பாகு ஊற்றிய பாலூதா. சவூதி அரேபியாவின் ஜித்தாவில் நடந்து 2013-இல் வெளியான ஒரு ஆய்வில், நோன்பு காலத்தில் காலையில் உயர்ந்து இரவில் தாழும் கோர்டிசோலின் வழக்கமான தாளம் குலைந்து காணப்பட்டது. அதற்குச் சீனி மட்டும் காரணமல்ல. இரவு விழிப்பும் பகல் தூக்கமும் சேர்ந்திருக்கின்றன. பேரீச்சம்பழத்தில் நிறுத்திக்கொண்டு பாலூதாவைக் கொஞ்சம் பிந்தி எடுப்பவர்கள் வயிற்றுக்காகச் செய்வது கோர்டிசோலுக்கும் பொருந்தும் என்று ஊகிக்கலாம். ஊகம்தான்.

நாக்கு பழகிவிட்டால்

ஒரே ஒரு கிளாஸின் கதை இவ்வளவு. வருடக்கணக்கில் குடித்தால்?

கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மாத்யூ ட்ரையனும் சகாக்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தலைகீழாகக் காட்டுகிறது. அதில் பெண்கள் மட்டும், 19 பேர். 12 நாளுக்குச் சிலருக்குச் சீனிப் பானம், சிலருக்குச் செயற்கை இனிப்புப் பானம், நாளுக்கு மூன்று வேளை. பிறகு கடினமான கணக்குப் பரிசோதனை. சீனி குடித்து வந்தவர்களின் கோர்டிசோல் ஏற்றம் மற்றவர்களுடையதைவிடத் தணிந்திருந்தது. எலிகளிலும் இதே போக்கு. சின்சினாட்டியில் யுவோன் உல்ரிக்-லாயின் குழு 2010-இல் காட்டியது இன்னும் சுவாரசியம்: நாளுக்கு இரண்டு தடவை சிறிதளவு சீனித்தண்ணி குடித்த எலிகளின் பதற்ற எதிர்வினை குறைந்தது. சீனிக்குப் பதில் சக்தியே இல்லாத சக்கரின் கொடுத்தாலும் குறைந்தது. அங்கே வேலை செய்தது வயிறல்ல, நாக்கு.

ஆகவே முரண்பாடு போலத் தெரிவது முரண்பாடல்ல. பட்டினிக்குப் பின் திடீரென வரும் சீனி அடுத்த ஒரு மணித்தியாலத்துக்குக் கோர்டிசோலை அவிழ்த்துவிடுகிறது. நாள்தோறும் வரும் இனிப்பு மூளையின் இன்பப் பாதைகளைப் பழக்கி, பதற்றத்தின் கூரைக் கொஞ்சம் மழுக்குகிறது. பதறும்போதெல்லாம் கை ஏன் இனிப்பைத் தேடுகிறது என்பதற்கு இரண்டாவது விஷயம் நல்ல விளக்கம். ஆபத்தும் அங்கேதான். ஆறுதல் கிடைக்கிறது என்று உடம்பு கற்றுக்கொண்டதை வாயால் சொல்லி நிறுத்தமுடியாது.

அதற்கான விலை வேறு கணக்கில் எழுதப்படுகிறது. பிரசாத் கட்டுலந்தவும் சகாக்களும் 2005, 2006-இல் நாடளாவிய ரீதியில் எடுத்த கணக்கில் இலங்கை வளர்ந்தவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. 2018, 2019-இல் நடந்த சுகாதார, முதுமை ஆய்வில் அது 23 சதவீதம். அளவிட்ட முறைகள் வேறுதான். ஆனாலும் எந்த முறையும் இந்த இடைவெளியை மூடிவிடாது.

அரசு சும்மா இருக்கவில்லை என்றும் சொல்லவேண்டும். 2016 ஓகஸ்டிலிருந்து மென்பானப் போத்தல்களில் நிற வட்டம் வந்தது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் கீழ் பச்சை. 2017 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் மங்கள சமரவீர ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் வரி போட்டார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. பிறகு வந்தவர்கள் குறைத்தார்கள். 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான விசேட வரியையே கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாக இறக்கியதும், அதனால் யார் இலாபம் பார்த்தார்கள் என்ற சர்ச்சையும் வாசகருக்கு மறந்திருக்காது. அடுத்த வருடமே சீனிக்கு வரிசை. 2021 ஓகஸ்ட் கடைசியில் அரிசி, சீனி பதுக்கலைச் சொல்லி அவசரகால விதிகள் வந்தன.

போத்தலுக்கு வட்டம் வந்தது. கடைத் தேத்தண்ணிக் கிளாஸுக்கு வரவில்லை, வரவும் முடியாது. அங்கே ஒரே தடுப்பு வாய்தான்: "சீனி குறைச்சுப் போடுங்க." சொல்லிப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், முதல் வாரம் சாயம் வெறும் கசப்பு. இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு இறங்கி வந்துவிடும். பதற்றமான வேலை இருக்கிற காலையில் அதற்கு முன் ஒரு ரொட்டியோ கடலையோ வயிற்றில் விழுந்தால் சீனி இரத்தத்தில் பாயும் வேகமும் குறையும்.

இந்தப் பரிசோதனையைக் கண்டியில் கண்டிக் கிளாஸை வைத்தே செய்துபார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. பெரிய செலவில்லை. நான்கு குழு: சீனி போட்ட சாயம், சீனி போடாத சாயம், சீனித் தண்ணி, சுடுதண்ணி. ஆரோக்கியமான இளைஞர்களுக்குப் பேராதனையில் குறைவில்லை. எச்சிலில் கோர்டிசோலை அளக்கும் முறை உலகமெங்கும் தெரிந்ததுதான். வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டு, முகத்தை அசைக்காமல், "பிழை, மறுபடி சொல்லும்" என்று சொல்லக்கூடியவர்களை எந்த மருத்துவ பீடத்திலும் வெளியே தேடவேண்டியதில்லை.